டீல் நகரப் பழைய வீடு: சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில், டீல் நகரின் மிடில் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில் ஒரு வரிசை வீடு வாங்கியிருக்கிறோம். 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பழமையான கட்டடங்களுக்கான அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் (Grade II) உள்ளது. 1968இல் கென்டிலேயே முதலாவதாகப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட தெருக்கள் இவை.

சிக்கல் முன்சுவரில். முன்பு இருந்தவர்கள் செங்கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, மேற்பரப்பு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. தொட்டால் விரலில் சிவப்புத் தூள் ஒட்டுகிறது. பார்க்கவே மனம் பதைக்கிறது.

பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை அனுமதியின்றி மாற்றுவது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிமெண்டை அகற்றிச் சுண்ணாம்பு பூச அனுமதி கேட்டவர்கள், உள்ளாட்சி மன்ற விண்ணப்பத்தில் என்னென்ன இணைத்தீர்கள்? செங்கல் உடையாமல் செதுக்கத் தெரிந்த கொத்தனார் கென்ட் பக்கம் யாராவது இருக்கிறாரா? இயந்திரத்தால் அறுப்பவர் வேண்டாம். உளி பிடித்துப் பழகியவர்தான் வேண்டும். புதிதாகப் பூசி இன்னும் இறுகாத சுண்ணாம்பு உறைபனியைத் தாங்காது என்பதால் குளிர்காலத்துக்கு முன்பே முடித்தாக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.