கனடா விசா உள்ள இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஃபிராங்ஃபர்ட்டில் டிரான்சிட் விசா வேண்டுமா?

யாழ்மகள், ஜொகன்னஸ்பர்க்

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பர் மாதம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என் சித்தியின் மகனுக்குத் திருமணம். 71 வயதான அம்மாவை நான்தான் அழைத்துச் செல்கிறேன். அம்மா 20 வருடங்களுக்கு மேலாக என்னுடன் ஜொகன்னஸ்பர்க்கில் இருக்கிறார். தென்னாப்பிரிக்க நிரந்தர வதிவிட அனுமதி இருந்தாலும், கடவுச்சீட்டு இன்றும் இலங்கையுடையதுதான். என்னிடம் இருப்பது தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு. பலமுறை நுழையக்கூடிய கனடா வருகையாளர் விசா இருவருக்கும் கிடைத்துவிட்டது. நாங்கள் திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் அது செல்லுபடியாகும்.

போகும்போது ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து ஃபிராங்ஃபர்ட், அங்கிருந்து ரொறன்ரோ. வரும்போது ரொறன்ரோவிலிருந்து சூரிச், சூரிச்சிலிருந்து ஃபிராங்ஃபர்ட், பிறகு ஜொகன்னஸ்பர்க். எல்லாம் ஒரே பதிவில் வாங்கியவை. பயணப்பொதிகளும் நேராகப் போய்ச் சேர்ந்துவிடும். டிரான்சிட் விசா எதுவும் தேவையில்லை என்று பயண முகவர் உறுதியாகச் சொல்கிறார். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் இலங்கைக் கடவுச்சீட்டுடன் ஐரோப்பா வழியாகப் போகப் புறப்பட்ட எங்கள் உறவினர் ஒருவர், பொதிகளை எடை போட்ட பிறகு செக்-இன் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அந்த அவமானமும் பணநட்டமும் அம்மாவுக்கு நேரக்கூடாது. பயணத்துக்கு இன்னும் 5 வாரங்கள் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கடலோரவாசி, டர்பன்

வணக்கம் அக்கா. உங்கள் உறவினர் திருப்பி அனுப்பப்பட்டதற்குக் காரணம் இருந்திருக்கும். தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் விமான நிலையத்தில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்குக்கூட விமான நிலைய டிரான்சிட் விசா பெற வேண்டிய நாடுகளின் பொதுப் பட்டியல் ஒன்று, 2009-இல் இயற்றப்பட்ட ஐரோப்பிய விசா விதித்தொகுப்பின் பின்னிணைப்பில் இருக்கிறது. அதிலுள்ள 12 நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான், நைஜீரியா, கானா, எத்தியோப்பியா ஆகியவையும் அதில் உள்ளன. இந்தப் பொதுப் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இல்லை. ஜெர்மனி தனியாகச் சேர்த்துக்கொண்ட நாடுகளிலும் இல்லை.

ஆனால் அதே விதித்தொகுப்பு சிலருக்கு விலக்கும் தருகிறது. கனடா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்பவர், அந்த நாட்டுக்குப் போகும்போதும், அந்த விசாவைப் பயன்படுத்திவிட்டு அங்கிருந்து திரும்பும்போதும், டிரான்சிட் விசா பெறத் தேவையில்லை. எனவே அம்மாவைக் காப்பாற்றுவது கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் அந்தக் கனடா விசாதான். தென்னாப்பிரிக்க வதிவிட அனுமதியைக் காட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். விலக்குக்குரிய வதிவிட அனுமதிகளில் அது சேராது. முகவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.

வழிப்போக்கன், பிரிட்டோரியா

தம்பி கடலோரவாசி எழுதியது போகும் வழிக்கு முழுக்கச் சரி. வரும் வழியை அவர் கவனிக்கவில்லை, முகவரும் கவனிக்கவில்லை. யாழ்மகள், இந்த ஒரு விஷயத்தை நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இப்போது கையிலுள்ள பயணச்சீட்டோடு ரொறன்ரோவில் செக்-இன் செய்யப் போனால் உங்கள் இருவரையுமே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் 2008 டிசம்பரிலிருந்து ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஷெங்கன் நாடுகளுக்கிடையே குடிவரவுச் சோதனை கிடையாது என்பதால், சூரிச்சிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்குப் பறக்கும் விமானம், டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் போகும் உள்நாட்டு விமானத்தைப் போலவே நடத்தப்படுகிறது. ரொறன்ரோவிலிருந்து சூரிச்சில் இறங்கியதும் நீங்கள் நிற்பது பன்னாட்டுப் பகுதியில். ஃபிராங்ஃபர்ட் விமானத்தின் வாயிலோ கடவுச்சீட்டுச் சோதனைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்தச் சோதனையைக் கடந்தால் நீங்கள் ஷெங்கன் பகுதிக்குள் நுழைந்தவர் ஆகிவிடுகிறீர்கள். டிரான்சிட் விசாவும் சரி, அதற்கான விலக்கும் சரி, பன்னாட்டுப் பகுதிக்குள் இருக்கும் வரைதான் பயன்படும். உள்ளே நுழைய முழு ஷெங்கன் விசா தேவை. ஒரே பதிவு, நேராகப் போகும் பொதி ஆகிய இரண்டும் இந்த விஷயத்தில் எதையும் மாற்றாது.

இதில் உங்கள் கடவுச்சீட்டும் தப்பாது. தென்னாப்பிரிக்கர்கள் ஷெங்கனுக்குள் நுழைய விசா பெற்றே ஆக வேண்டும். டிரான்சிட் பட்டியலில் நம் நாடு இல்லை என்பதால், அம்மாவின் ஆவணங்களைப் பற்றியே கவலைப்பட்டு மகளின் கடவுச்சீட்டை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். என் குடும்பத்திலும் இதே தவறு நடந்தது. அன்று என் தங்கை லிஸ்பனுக்கும் மேட்ரிட்டுக்கும் இடையே இப்படிப்பட்ட ஒரு குட்டி விமானத்தைப் பதிவு செய்திருந்தாள். புறப்படும் நாளில் செக்-இன் கவுன்டரில் கண்டுபிடித்தார்கள். புதிய சீட்டு வாங்க வேண்டியதாயிற்று.

இப்போது ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்தான். கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். முறையான விண்ணப்பத்தின் மீது 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் அதை 45 நாட்கள் வரை நீட்டிக்கவும் விதி இடம் தருகிறது. 5 வாரங்களே இருக்கும் நிலையில், ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத ஒரு பறப்புக்காக 71 வயதுத் தாயாரைக் கைரேகை பதிய அழைத்துப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. திரும்பும் வழியில் சூரிச்சை நீக்கிவிட்டு ரொறன்ரோவிலிருந்து நேராக ஃபிராங்ஃபர்ட் வரும் விமானத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

யாழ்மகள், ஜொகன்னஸ்பர்க்

ஐயா, உங்கள் பதிலை இரவு இரண்டு முறை வாசித்தேன். இத்தனை நாள் அந்தச் சூரிச் வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. மிக்க நன்றி.

இன்று காலை முகவரிடம் பேசினேன். மாற்றுக் கட்டணம் அதிகம் என்பதால் மூன்று வழிகள் சொல்கிறார். முதலாவது, சூரிச் வரை ஒரு சீட்டும் அதற்குப் பிறகு ஜொகன்னஸ்பர்க்குக்குத் தனியாக வேறு நிறுவனத்தில் ஒரு சீட்டும் வாங்குவது. இரண்டாவது லண்டன் வழி. மூன்றாவது நியூயார்க் வழி, அதுதான் விலை குறைவு. அமெரிக்க விசா எங்கள் இருவரிடமும் இல்லை. எதைத் தெரிவு செய்யலாம்?

வழிப்போக்கன், பிரிட்டோரியா

நியூயார்க்கை இப்போதே மறந்துவிடுங்கள். அமெரிக்க விமான நிலையங்களில் வெளியே வராமல் விமானம் மாறும் பன்னாட்டுப் பகுதி கிடையாது. இரண்டு மணி நேரம் தங்கினாலும் குடிவரவைக் கடக்க வேண்டும். அதற்கு அங்கு சி-1 என்ற டிரான்சிட் விசாவோ வருகையாளர் விசாவோ வேண்டும்.

தனித்தனிச் சீட்டுகளும் வேண்டாம். ஒரு நிறுவனம் மற்றதன் பொதியை ஏற்றுக்கொள்ளாவிட்டால் சூரிச்சில் நீங்களே வெளியே போய்ப் பொதியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரும். வெளியே போவதற்கு மீண்டும் அதே ஷெங்கன் விசா. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது சீட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

லண்டனில் இலங்கை, தென்னாப்பிரிக்கா ஆகிய இரண்டு நாட்டவரும் பொதுவாக டிரான்சிட் விசா பெற வேண்டியவர்களே. செல்லுபடியாகும் கனடா விசா அங்கும் விலக்குத் தருகிறது. எனவே ஹீத்ரோ விமான நிலையத்திலேயே விமானம் மாறினால் போகலாம். ஹீத்ரோவில் இறங்கி, லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக்கில் ஏறுவதுபோல் பதிவு செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அப்படியானால் எல்லைச் சோதனையைக் கடந்து நகரத்துக்குள் போக வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், கட்டணத்தைக் கட்டி ஃபிராங்ஃபர்ட்டுக்கே மாறுங்கள், அல்லது துபாய், அடிஸ் அபாபா வழிகளை விசாரியுங்கள். அங்கே பன்னாட்டுப் பகுதியில் விமானம் மாற உங்களிடம் விசா கேட்பதில்லை.

கடலோரவாசி, டர்பன்

அவசரப்பட்டு முழுப் பயணத்துக்கும் பதில் சொன்னதற்கு வருந்துகிறேன் அக்கா. ஐயா திருத்தியது நல்லதாயிற்று.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆவணமில்லாத பயணியை ஏற்றி வரும் நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான யூரோ அபராதம் விதிக்கும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2001-இலேயே கொண்டுவந்துவிட்டது. செக்-இன் ஊழியர் சந்தேகம் வந்தால் மறுத்துவிடுவதற்கு அந்தப் பயமும் காரணம். அவர்கள் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் நாட்டுரிமை, வழி, விசா ஆகியவற்றைப் போட்டுப் பார்ப்பார்கள். அதனால் "கனடா விசா இருக்கிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள்" என்று நீங்களே முதலில் சொல்லி, விசா ஒட்டிய பக்கத்தைத் திறந்து கொடுங்கள். கனடாவில் கடவுச்சீட்டில் முத்திரை குத்தாமலும் விடுவதுண்டு. போகும்போது கிடைக்கும் போர்டிங் பாஸ்களைப் பத்திரமாக வைத்திருந்தால், விசாவைப் பயன்படுத்தித்தான் திரும்புகிறீர்கள் என்று காட்ட உதவும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

யாழ்மகள், ஜொகன்னஸ்பர்க்

இழையில் உதவிய இருவருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை. கட்டணத்தைச் செலுத்தி, திரும்பும் வழியை ரொறன்ரோ, ஃபிராங்ஃபர்ட், ஜொகன்னஸ்பர்க் என்று மாற்றிக்கொண்டோம்.

புறப்பட்ட அன்று ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில், நாங்கள் எதிர்பார்த்தபடியே அம்மாவின் கடவுச்சீட்டில் கவுன்டர் தடைப்பட்டது. அந்த இளம்பெண் முதல் பக்கத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு ஜெர்மனிக்கான டிரான்சிட் விசா எங்கே என்று கேட்டார். கனடா விசா ஒட்டிய பக்கத்துக்கு நடுவே மஞ்சள் காகிதம் ஒன்றை முன்பே செருகி வைத்திருந்தேன். அதைத் திறந்து கொடுத்து, விசாவையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்டேன். அவர் மேற்பார்வையாளரை அழைத்தார். அவர் நின்றபடியே சில எழுத்துகளைத் தட்டி, திரையில் வந்ததை விரலால் வரிவரியாகத் தொட்டு வாசித்துவிட்டு, சரி என்று தலையசைத்தார். 10 நிமிடம்கூட ஆகவில்லை. சக்கர நாற்காலியில் இருந்த அம்மா அதுவரை என் கையை விடவே இல்லை.

ஃபிராங்ஃபர்ட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது ஸ்காபரோவில் இருக்கிறோம். நான்கு போர்டிங் பாஸ்களும் அம்மாவின் கடவுச்சீட்டு உறைக்குள் இருக்கின்றன.