பொருள்: மறு: சப்ஸ்கிரைபர் – சந்தாதாரரா, வேண்டுநரா?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், உட்கார்ந்து எழுத இன்றுதான் வாய்த்தது. முதலில் ஒன்று, மின்னஞ்சல் மடல் கேட்டுப் பதிவு செய்கிற 'சப்ஸ்கிரைபருக்கு' ஒரு தமிழ்ச் சொல் என்று நான் பொழுதுபோகாமல் கேட்கவில்லை. காரைக்குடியில் என் அக்கா, பெரியம்மா மகள், சின்னதாக ஒரு கைத்தறிச் சேலைக் கடை வைத்திருக்கிறார், முக்கால்வாசி கண்டாங்கிதான். கல்யாணம், கோயில் கும்பிடு என்று சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் நாலு சேலை எடுத்துக்கொண்டு போனால் அப்புறம் அடுத்த வருடம்தான். இடையில் தறியிலிருந்து புதுசு இறங்கினால் சொல்ல ஒரு வழி வேண்டும். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பார்த்தாயிற்று. ஒரு பட்டியலுக்கு 256 பேர், அதிலும் கடை எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். அதனால் மின்னஞ்சல். அதற்கான படிவத்தைத் தமிழில் ஆக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

> சந்தாதாரர் என்ற சொல் பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது, இன்னொன்று எதற்கு?

ஐயா, நானும் முதலில் அதைத்தான் போட்டேன். 'சந்தாதாரர் ஆகுங்கள்' என்று அச்சடித்து கல்லாப் பக்கத்தில் ஒட்டியும் வைத்தோம். முதல் நாளே ஒரு அம்மா "சந்தா எவ்வளவுப்பா?" என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. சங்கத்துக்குச் சந்தா, பத்திரிகைக்கு ஆண்டுச் சந்தா, ஆயுள் சந்தா என்று நமக்குச் சந்தா என்றாலே கையிலிருந்து காசு போவது. காசே வாங்காத இடத்தில் அந்தச் சொல்லை வைத்தால் படிக்கிறவர் இரண்டடி பின்வாங்குவார்.

> யூடியூபில் 'குழுசேர்' என்று இருக்கிறதே

இருக்கிறது, எல்லாருக்கும் கண்ணுக்குப் பழகியும்விட்டது. ஆனால் எந்தக் குழுவில் சேர்வது? எல்லாரும் மின்னஞ்சலில் பேசிக்கொள்கிற நம் மடலாடற்குழு போன்ற இடத்துக்குச் சேர்வதும் விலகுவதும் சரி, ஏனென்றால் இங்கே நிஜமாகவே ஒரு குழு இருக்கிறது, ஒருவர் எழுதினால் எல்லாரும் சண்டைக்கு வருகிறோம். சேலைக்கடை மடல் ஒருவழிப் பாதை. அதைப் பெறுகிற ஒருவருக்கும் இன்னொருவருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இந்த இழையில் 'வாடிக்கை' என்று எழுதிய குழு அக்காவின் யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பால்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் வாடிக்கை வைப்பதுதானே ஊரில் இதற்கு உண்மையான பெயர், யாரும் மொழிபெயர்க்காமலேயே வந்த சொல். ஒரே ஒரு இடத்தில்தான் உதைக்கிறது. கடைக்கு வந்து வாங்குகிற அத்தனை பேரும் ஏற்கெனவே வாடிக்கையாளர்கள். சேலை வாங்கியவர் வேறு, மடல் கேட்டவர் வேறு. நமக்குத் தேவைப்படும் சொல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும், அதைச் செய்யாத எந்தச் சொல்லும், எவ்வளவு அழகாக இருந்தாலும், இங்கே ஆகாது.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், பிரிக்காமல் பட்டுவிட்டோம். போன தீபாவளிக்குப் பில் புத்தகத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளை எல்லாம் தட்டச்சு செய்து மொத்தமாக ஒரு மடல் அனுப்பினோம். கையெழுத்தில் இருந்த ஒன்றை ஏழாகப் படித்தது, புள்ளியை விட்டது என்று பாதிக் குளறுபடி என்னுடையது. கொஞ்சம் திரும்பி வந்தன, அதுகூடப் பரவாயில்லை. ஒன்று யாரோ முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. "நான் உங்கள் ஊருக்கே வந்ததில்லை, சேலை கட்டுகிற ஆளும் இல்லை" என்று பதில் எழுதினார். நல்ல மனிதர், எரிதம் (ஸ்பேம், கேட்காமல் வந்த மடல்) என்று குறிக்காமல் எழுதிக் கேட்டார். குறித்திருந்தால்? 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் வைத்திருக்கும் விதிப்படி எரிதம் என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு அது ஒரு எண். 300 பேருக்கு மடல் போடுகிற கடையில் ஒரே ஒருவர் புகார் சொன்னாலே கோட்டைத் தாண்டியாயிற்று.

சட்டமும் அதே பக்கம்தான் போகிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பது தெளிவான ஒரு செயலால் காட்டப்பட்ட ஒப்புதல். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் அதில் சேராது. அந்த ஒப்புதலைக் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, பெரும்பகுதி நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம். ஆகவே நாம் இங்கே அடித்துக்கொள்வது வெறும் மொழி ஆசை இல்லை, நாளைக்கு யாரோ ஒரு கடைக்காரர் இந்தச் சொற்களைத் தேடிக்கொண்டு வருவார்.

சரி, என் முன்மொழிவு: வேண்டுநர்.

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றபோது அனுப்புநர், பெறுநர் என்று இரண்டு போட்டோம். வேண்டுநர் அவற்றின் தம்பி. மடல் யாருக்குப் போகிறதோ அவர் பெறுநர், அதைக் கேட்டு வாங்குகிறவர் வேண்டுநர். வேண்டுநர் அல்லாத பெறுநருக்கு அனுப்பினால் அது எரிதம். மூன்று சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பட்டியலுக்கு 'வேண்டுநர் பட்டியல்', பொத்தானுக்கு வெறும் 'வேண்டும்'. (பாதிப் பேர் 'வேண்டுனர்' என்று எழுதுவார்கள், தெரியும். 'அனுப்புனர்' என்று எழுதுகிறவர்களையே இன்னும் திருத்த முடியவில்லை.)

> வேண்டுதல் என்றால் சாமியிடம் கேட்பது. வாடிக்கையாளரைக் கெஞ்ச வைப்பதா?

இதை நானும் யோசித்தேன். ஆனால் "என்ன வேண்டும்?" என்று கடைக்காரர்தான் தினமும் கேட்கிறார், அதில் யாரும் கெஞ்சவில்லை. 'வேண்டுதல்' என்று எழுதினால்தான் காவடி நினைவுக்கு வரும், அந்த வடிவத்தை மட்டும் தவிர்த்துவிடுவோம்.

டபுள் ஆப்ட்-இன்னுக்கு 'இரட்டை ஒப்புதல்', 'ஈரிசைவு' என்று இரண்டு வந்திருந்தன. ஈரிசைவு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்த்ததும் இரண்டு ஆட்கள் ஒத்துப்போனது போலவோ, கச்சேரி போலவோ தோன்றுகிறது. உள்ளே நடப்பது என்ன? ஒருவர் முகவரி தருகிறார், அது அவருடையதுதானா என்று பார்க்க ஒரு மடல் போகிறது, அதில் உள்ள சுட்டியை அவர் அழுத்தினால்தான் பட்டியலில் பெயர் ஏறும். புது ஆள் போன் நம்பர் சொன்னால் "ஒரு மிஸ்டு கால் குடுத்துருங்க" என்கிறோமே, அதேதான். அந்த மடலுக்கு 'உறுதிமடல்' என்று பெயர் வைத்தால் போதும், முறைக்குத் தனியாக ஒரு சொல் வேண்டியதில்லை, உறுதிமடல் முறை என்றே சொல்லிவிட்டுப் போகலாம். எல்லாவற்றுக்கும் ஒரு பெயர்ச்சொல் செய்தே ஆகவேண்டும் என்ற பழக்கத்தை நாம் கொஞ்சம் விடலாம் என்று நினைக்கிறேன்.

கடைசியாக அன்சப்ஸ்கிரைப், அதாவது மடல் இனி வராமல் நிறுத்தும் பொத்தான். 'வேண்டும்' இருந்தால் எதிர்ப்பக்கம் 'வேண்டாம்' என்று எழுதி, கச்சிதமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து அக்காவிடம் காட்டினேன். ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். "தீபாவளிக்குப் புதுச் சேலைப் படம் போட்டு, அதுக்குக் கீழேயே வேண்டாம்னு எழுதுவியா? கடையில வேண்டாம்ங்கிற வார்த்தையை நான் வாயால சொல்றதில்ல." விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்கிற ஆட்களுக்கு இது புரியும், மங்கல வழக்கு என்று இலக்கணத்தில் படித்ததுதான், படிவத்தில் அது வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு அவரே சொன்னார்: "பந்தியில என்ன சொல்லுவோம்? போதும்னு சொல்லுவோம்."

போதும். வாங்கியதைக் குறை சொல்லாமல், போடுகிறவர் மனமும் நோகாமல், கையை மட்டும் குறுக்கே வைக்கிற சொல். ஒப்புதல் தருவது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அதே அளவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது, அதற்கும் ஒற்றைச் சொல்லே வசதி. கேட்காத மடல் வந்து எரிச்சலில் இருப்பவர் எப்படி 'போதும்' என்பார் என்று நீங்கள் கேட்கலாம். உறுதிமடல் முறையில் அவர் பட்டியலுக்குள்ளேயே வரமாட்டார், ஒரு மடலோடு முடிந்துவிடும். வெறும் 'போதும்' புரியாது என்று தோன்றினால் 'மடல் போதும்' என்று வைக்கலாம், பொத்தானில் இடம் இருக்கிறது.

இப்போதைக்குக் கோப்பில் வேண்டும், போதும், வேண்டுநர், உறுதிமடல் என்று போட்டிருக்கிறேன். திரும்பி வருகிற மடலுக்குத் தபால்காரர் வழக்கப்படி 'திரும்பிய மடல்' என்றே விட்டேன். அக்கா வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து முதல் உறுதிமடலை அனுப்புவதாக இருக்கிறார், மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.