உதவி: நீரில் 40 நா.மீ தங்கத் துகள், மீப்பில் உறிஞ்சல் உச்சி இடம் மாறி வருகிறது

பொன்வண்டு:
வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக 40 நானோமீட்டர் விட்டமுள்ள தங்க உருண்டையின் ஒளி உறிஞ்சலை மீப்பில் (Meep, ஒளியலை பரவுவதைக் கணினியில் கணக்கிடும் மென்பொருள்) கணக்கிடுகிறேன். சிட்ரேட் முறையில் லேபில் செய்த கரைசல் நல்ல சிவப்பு. யூவி-விசிபிள் கருவியில் 526 நா.மீ பக்கம் ஒரே ஒரு உச்சி. சிமுலேஷனிலோ 550-ஐத் தாண்டி அகலமான மேடு, அதற்கு இடப்பக்கம் சின்னதாக இன்னொரு திமில். துகள் ஒன்று, உச்சி ஏன் இரண்டு?

நீள அலகு 1 மைக்ரான், ரெசல்யூஷன் 100, ஆரம் 0.02, பெட்டி 0.2, சுற்றிலும் நீர் என்பதால் எப்சிலான் (மின்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினையின் அளவு) 1.33, உலோகத்துக்கு மீப்பின் பொருள் லைப்ரரியில் உள்ள ஏயூ (Au, தங்கம்). லேப்டாப் 8 ஜிபி. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம்விதி:
ரெசல்யூஷன் 100 என்றால் ஒரு மைக்ரானுக்கு 100 புள்ளி. அதாவது ஒரு செல் (கணக்குக்காகப் பெட்டியைப் பிரிக்கும் சின்னக் கட்டம்) 10 நா.மீ. உங்கள் உருண்டையின் குறுக்கே மொத்தமே நாலு செல்! அது உருண்டையே இல்லை, முனை முனையாக நிற்கும் பகடைக்காய். அந்த முனைகளில் மின்புலம் குவிவதால் உச்சி சிவப்புப் பக்கம் நகரும், பொய்த் திமிலும் முளைக்கும். மீப்பின் சப்பிக்சல் சராசரி (எல்லையில் உள்ள செல்லுக்கு இரு பொருளின் சராசரியைக் கொடுக்கும் வசதி) காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். அலைநீளத்தோடு மாறும் உலோகப் பகுதிக்கு அது வேலை செய்யாது.

ரெசல்யூஷனை 500, பிறகு 1000 என்று ஏற்றுங்கள். உச்சி நகர்வது நிற்கும்வரை எந்தப் படத்தையும் நம்ப வேண்டாம். செல்லைப் பாதியாக்கினால் மெமரி 8 மடங்கு, நேரம் 16 மடங்கு ஆகும், ஏனென்றால் நேரப் படியும் கூடவே பாதியாகிறது. 1 நா.மீ செல்லில் உங்கள் பெட்டிக்கு 80 லட்சம் செல். ஒளி இசட் திசையில் போய், மின்புலம் எக்ஸ் திசையில் இருந்தால் இரண்டு கண்ணாடிச் சமச்சீர் போடலாம்: எக்ஸுக்கு ஃபேஸ் மைனஸ் 1, ஒய்க்கு பிளஸ் 1. கால்வாசிதான் ஓடும், 8 ஜிபியில் அடங்கும்.

உலோகத்துக்கு ஏயூ_ஜேசி_விசிபிள் எடுங்கள். ஜான்சன், கிறிஸ்டி 1972-ல் அளந்த மதிப்புகளுக்குப் பொருத்தியது அது. தங்கத்தில் 2.4 எலக்ட்ரான்வோல்ட் பக்கம், அதாவது உங்கள் உச்சிக்கு ஒட்டினாற்போலவே, எலக்ட்ரான்கள் ஒரு ஆற்றல் பட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது தொடங்குகிறது. அங்கே பொருத்தம் கொஞ்சம் பிசகினாலும் உச்சியின் வடிவம் கெடும்.

ஒளித்துகள்:
இன்னொன்று இருக்கிறது தோழி. நீரின் ஒளிவிலகல் எண்தான் 1.33. எப்சிலான் அதன் வர்க்கம், 1.77. நீங்கள் கொடுத்த மதிப்பில் விலகல் எண் 1.15தான் வரும், அது நீரே அல்ல. சின்ன உருண்டைக்கு, தங்கத்தின் எப்சிலான் சுற்றுப்புறத்துடையதைப் போல மைனஸ் 2 மடங்கு ஆகும் இடத்தில் ஒத்ததிர்வு. 1.77-க்கு மைனஸ் 3.5, அது 515 நா.மீ அருகே. 40 நா.மீ அளவில் இன்னும் கொஞ்சம் சிவப்புக்குப் போகும். இந்தப் பிழை உச்சியை நீலத்துக்கு இழுக்கிறது, கரடுமுரடான செல் வலை சிவப்புக்குத் தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, தற்செயலாக 526 வந்து ஏமாற்றியிருக்கலாம்.

லேப் எண்ணோடு ஒப்பிடும் முன் மீ கோட்பாட்டோடு ஒப்பிடுங்கள். உருண்டைக்கு குஸ்டாவ் மீ 1908-லேயே முழுத் தீர்வு கொடுத்துவிட்டார், பைத்தானில் நொடியில் வரும். லேப் கரைசலில் அளவு வேறுபாடும் சிட்ரேட் உறையும் இருக்கும். உங்கள் நிரலைச் சரிபார்க்க அது போதாது.

பொன்வண்டு:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இரண்டையும் மாற்றி, சமச்சீர் போட்டு ராத்திரி ஓட விட்டேன். மீ கணக்கு 528. மீப்பில் 2 நா.மீ செல்லுக்கு 536, 1 நா.மீ-க்கு 531. திமில் போயே போச்சு. அடுத்து நானோகம்பி செய்ய வேண்டும், இதே செட்டிங் போதுமா?

மூன்றாம்விதி:
செல் போதும், பெட்டியை நீட்டுங்கள். மின்புலத்தைக் கம்பியின் நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை வைத்துத் தனித்தனியாக ஓட்டுங்கள். நீளவாக்கு உச்சி 700-ஐத் தாண்டலாம், அதனால் ஒளி மூலத்தின் அலைவரிசையை அகலமாக்குங்கள். ஜேசி பொருத்தம் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குத்தான். அகச்சிவப்புக்குப் போனால் லைப்ரரி ஏயூவுக்கே திரும்ப வேண்டும்.