அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி, தம்பிக்கு இல்லை: பரம்பரையலகா காரணம்?

கல்முனை மாணவன்:
அண்ணன் 1999இல் பிறந்தவர். இரண்டு வருசமா ஹெச்பிஎஸ்ஏஜி (பி வைரஸ் உடம்பில் இருக்கு என்று காட்டுறது) பொசிற்றிவ். 2009இல் பிறந்த தம்பிக்கு அது நெகற்றிவ், அன்ரி-ஹெச்பிஎஸ் (பாதுகாக்கிற எதிர்ப்புப் புரதம்) பொசிற்றிவ். தம்பியின் பரம்பரையலகு வைரசைத் துரத்திட்டுது என்று சொல்லலாமா? அண்ணனுக்குப் பரம்பரையலகுப் பரிசோதனை செய்தால் பலன் இருக்கா?

வாவிக்கரை:
அன்ரி-ஹெச்பிசி (வைரசின் உட்பகுதிக்கு எதிரான புரதம், ஊசியால் வராது) பார்க்காமல் அப்படிச் சொல்லாதீங்க தம்பி. அதுவும் பொசிற்றிவ் என்றால் தொற்று வந்து போயிருக்கு. அன்ரி-ஹெச்பிஎஸ் மட்டும் என்றால் பெரும்பாலும் தடுப்பூசியின் வேலை. நம்ம நாட்டில் 2003இல் தொடங்கின ஊசி அது. 2, 4, 6 மாதத்தில் போடுவாங்க. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைப் பாருங்க. ஆய்வுகூடத்துக்கு எழுதும்போது அன்ரி-ஹெச்பிசி ‘மொத்தம்’ என்று எழுதுங்க. ஐஜிஎம் (புதுத் தொற்றில் வருகிற வகை) மட்டும் கேட்டால் பழைய தொற்று தவறிப்போகும். அது சில மாதத்தில் மறைஞ்சிடும்.

அண்ணனுக்கு எந்த வயசில் தொற்றியது என்பதுதான் பெரிய கேள்வி. பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தால் 90 சதவீதம் வரை நிரந்தரமாகத் தங்கும். வளர்ந்தவருக்கு 5 சதவீதத்துக்கும் குறைவு, மற்றவங்களுக்குத் தானாகவே மாறிடும். கீழ்க்காய்நெல்லி குடிச்சு செங்கண்மாரி மாறினது என்று சனம் நம்புறதும் இதாலதான். அம்மாவையும் சோதிக்க வேணும்.

ஏறாவூர் வாசகன்:
வயசு முக்கியம்தான், ஆனால் பரம்பரையலகைத் தள்ளிடவும் ஏலாது. வைரசின் துண்டுகளை ரி கலங்களுக்கு (நோயை எதிர்க்கிற வெள்ளைக் கலங்கள்) காட்டுறது ஹெச்எல்ஏ புரதங்கள். ஹெச்எல்ஏ-டிபி வேறுபாடுகளுக்கும் நாட்பட்ட பி தொற்றுக்கும் தொடர்பு இருக்கு என்று 2009இல் யப்பானிய ஆய்வு காட்டினது. ஹெபடைடிஸ் சி வைரசில் இன்னும் தெளிவு: ஐஎல்28பி என்ற பரம்பரையலகு அருகே சிசி என்ற வகை உள்ளவங்க தாங்களாகவே வைரசைக் கழிக்கிற வாய்ப்பு கூட. அதே இடத்துக்குப் பக்கத்தில் இன்டர்ஃபெரோன் லம்டா 4ஐ உண்டாக்கிற வகையும் இருக்கு. வைரசை எதிர்க்க வேண்டிய அந்தப் புரதம் உள்ளவங்கதான் சி வைரசைக் கழிக்கிறதில் பின்தங்குறாங்க, விசித்திரம்.

சி தொற்றுக்கு இன்டர்ஃபெரோன் ஊசி போட்ட காலத்தில் சிசியா என்று பார்த்தே சிகிச்சையை எடைபோட்டாங்க. இப்ப சொபொஸ்புவிர்-வெல்பட்டஸ்விர் மாத்திரை 12 வாரத்தில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாக்குது, அதனால அந்தச் சோதனை தேவையில்லை. ஆனால் இந்த மாத்திரைக்கு முன் ஹெச்பிஎஸ்ஏஜி பார்க்காட்டி, ஒளிஞ்சிருக்கிற பி வைரஸ் கிளம்பலாம்.

வாவிக்கரை:
அண்ணனுக்குப் பரம்பரையலகுப் பரிசோதனைக்கு வைச்ச காசை ஹெச்பிவி டிஎன்ஏ (இரத்தத்தில் வைரசின் அளவு), ஏஎல்ரி (ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதியம்), ஹெச்பிஇஏஜி (வைரஸ் பெருகுறதைக் காட்டும் புரதம்) மூன்றுக்கும் செலவழியுங்க. ஏஎல்ரி ஒருமுறை சாதாரணமா வந்தால் கிளினிக்கை விட்டுடாதீங்க. அது ஏறி இறங்கும்.

கல்முனை மாணவன்:
பதிவேட்டில் மூன்று ஊசியும் பதிஞ்சிருக்கு. அன்ரி-ஹெச்பிசி மொத்தம், அம்மாவுக்கும் சேர்த்து எழுதிக் குடுக்கிறேன்.