ஆயில் ஃபீல்டுல லாரி ஓட்டப் போனவங்க, நடந்ததைச் சொல்லுங்க

வேலந்தாவளம் டிரைவர்:

எங்க வீதிப் பசங்க மூணு பேரு போன வாரம் பாஸ்போர்ட்டோட வாசல்ல வந்து உக்காந்துட்டாங்க. கஞ்சிக்கோட்டுல கம்பி ஏத்திக்கிட்டு வாளையார் தாண்டி சேலம், திருச்சின்னு ஓட்டறவங்க. "அண்ணா, ஆயில் ஃபீல்டுக்கு ஹெவி டிரைவர் எடுக்கறாங்களாம். நீங்க பதினோரு வருசம் ஓமன்ல இருந்தீங்களே, எப்படிங்ண்ணா போறது?"ன்னு கேட்டாங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசினோம். அவங்ககிட்டச் சொன்னதையே இங்கயும் எழுதறேன். போய் வந்தவங்களும் போய் மாட்டினவங்களும் உங்க கதையைச் சொல்லுங்க. நாலு பேருக்கு உதவும்.

நான் போனது 2008ல. கொச்சியில டிரேடு டெஸ்ட் வெச்சாங்க. ட்ரெயிலரை ரிவர்ஸ்ல எடுத்துக் கோட்டுக்குள்ள நிறுத்தணும். அது எனக்குத் தண்ணி பட்ட பாடு, அதனால வேலை கைக்கு வந்துடுச்சுன்னு நினைச்சேன். மஸ்கட்ல இறங்கினதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, நம்ம ஊரு லைசென்ஸை வெச்சு அங்க வண்டியைத் தொடவே முடியாது. ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டணும். ரவுண்டானாவுல ஏற்கெனவே உள்ள சுத்தறவனுக்குத்தான் முதல் வழி. ரோடு டெஸ்ட்ல ரெண்டு தடவை தோத்தேன். லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் ஹெல்பர் சம்பளம்தான். அந்த அஞ்சு மாசம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாம நான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. லைசென்ஸ் வர்ற வரைக்கும் என்ன சம்பளம்னு கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டு, காண்ட்ராக்ட்ல எழுதி வாங்கிக்குங்க.

லைசென்ஸ் வந்தாலும் ஃபீல்டு கேட்டுக்குள்ள விட மாட்டாங்க. டிஃபென்சிவ் டிரைவிங் கோர்ஸ், மெடிக்கல், எச்2எஸ் வாயுப் பயிற்சி எல்லாம் முடிச்சாத்தான் உள்ள போறதுக்குப் பாஸ் குடுப்பாங்க.

அந்த வாயுவைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும். ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல நூறு பங்கு பக்கம் போயிட்டா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது. நாத்தம் நின்னுடுச்சு, காத்து சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சு அங்கேயே நிக்கறவன்தான் செத்துப் போவான். காத்தை விடக் கனமான வாயு, பள்ளத்துல போய்த் தேங்கும். சட்டையில மாட்டற மீட்டரை 10 பிபிஎம்ல கத்தற மாதிரி வெச்சிருப்பாங்க. ஒருநாள் மர்மூல் பக்கம் ஒரு எண்ணெய்க் கிணத்துல தண்ணி டேங்கரை நிறுத்தி ஹோஸ் மாட்டிட்டு இருந்தேன். மீட்டர் கத்துச்சு. இஞ்சினை அணைச்சுச் சாவியை அதுலயே விட்டுட்டு, காத்துப் பை எந்தப் பக்கம் ஆடுதுன்னு பாத்து, காத்துக்குக் குறுக்கால ஓடி, அப்புறம் காத்து வர்ற திசைக்கு ஏறினேன். பயிற்சியில தூங்காம உக்காந்திருந்தது அன்னைக்குக் காப்பாத்துச்சு. கூட இருந்த பையன் போனை எடுக்க வண்டிக்குத் திரும்பப் பாத்தான். கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன்.

வேலைன்னு பாத்தா மொதல்ல ரிக் கேம்புக்குத் தண்ணி டேங்கர், மூணு வருசம் கழிச்சு லோபெட், அதான் பெரிய மெஷினை ஏத்தற தாழ்வான ட்ரெயிலர். ரிக்னா எண்ணெய்க் கிணறு தோண்டற மெஷின். ரிக் ஒரு இடத்துல துளை போட்டு முடிச்சதும் மாஸ்ட்ங்கற கோபுரம், துளைக்கு விடற சேத்துக் கலவை இருக்கற மட் டேங்க், ஜெனரேட்டர், தங்கற கேபின் எல்லாத்தையும் பிரிச்சு ஏத்தி வரிசையா அடுத்த இடத்துக்குக் கொண்டு போகணும். தார் ரோடு கொஞ்ச தூரம்தான், அப்புறம் பூராவும் கிரேடர் இழுத்த மண் ரோடு. முன்னால போற வண்டியோட புழுதியில ஒண்ணும் தெரியாது. தெரியலைன்னா நிக்கணும், அவ்வளவுதான். வண்டிக்குள்ள ஒரு பெட்டி இருக்கும். வேகம் தாண்டினாலும், சடன் பிரேக் அடிச்சாலும், பெல்ட் போடலைன்னாலும் அதுல பதிவாயிடும். மொத வருசம் ஒரே வாரத்துல மூணு சடன் பிரேக். சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டுப் பேப்பரைக் காட்டினாரு, எந்த எடம், எத்தனை மணின்னு எல்லாமே இருந்துச்சு. வண்டியை ஒட்டி ஓட்டற நம்ம ஊருப் பழக்கத்தை அன்னைக்கு விட்டேன். கிளம்பும்போது ஜர்னி பிளான் எழுதிக் குடுத்துட்டு, போய்ச் சேந்ததும் தகவல் சொல்லணும். சொல்லலைன்னா தேடி வந்துடுவாங்க. ஹைமா தாண்டி நடு வனாந்தரத்துல வண்டி நின்னு போனப்ப அந்த ஏற்பாடுதான் என்னைக் கண்டுபுடிச்சுது.

நிமர்னு ஓமன்ல ஒரு ஆயில் ஃபீல்டு, அங்க எண்ணெயோட மேல வர்ற தண்ணியை நாணல் வளத்துச் சுத்தம் பண்றாங்க. ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பத்துப் பீப்பாய் வரைக்கும் தண்ணி வருமாம். மணல் காட்டுக்கு நடுவுல பச்சையா நாணலும் தண்ணிப் பறவையும். அந்த வழியாப் போறப்பெல்லாம் எனக்கு மலம்புழா அணை ஞாபகம் வரும்.

நகரி பையன்:

அண்ணா, நான் போய் மாட்டினவன். எங்க பக்கம் கடப்பா, ராயச்சோட்டியிலிருந்து குவைத்துக்குப் போறவங்க ரொம்ப ஜாஸ்தி. அதனால ஏஜெண்ட் சொன்னதை நம்பிட்டேன். குவைத்துல அஹ்மதிங்கற ஊர்ல ஆயில் கம்பெனி டேங்கர்னு சொல்லி 1,40,000 வாங்கினார். விசா பேப்பர் பூரா அரபில இருந்துச்சு. அங்க போனதும் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போய் கார் சாவியைக் கையில குடுத்தாங்க. பசங்களை ஸ்கூல்ல விடணும், ஜமியாங்கற கூட்டுறவுக் கடைக்குப் போய் சாமான் வாங்கணும், நாலு காரையும் தினம் கழுவணும். அது 20ஆம் நம்பர் விசா. காதிம் விசான்னு சொல்வாங்க, வீட்டு வேலைக்காரங்களுக்குக் குடுக்கறது. கம்பெனி வேலைக்கு 18ஆம் நம்பர் இருக்கணும். 20ஐ வச்சுக்கிட்டு கம்பெனி வண்டி ஓட்டினா புடிச்சு ஊருக்கு அனுப்பிடுவாங்க.

கஃபீல், அதான் விசா குடுத்த முதலாளி மேல குறை சொல்ல மாட்டேன், சம்பளம் தேதி தவறாம குடுத்தார். ஆனா பத்து வருசம் பதினாலு சக்கரம் ஓட்டினவன் நான். ரெண்டு வருசம் கடனைக் கட்டிட்டு வந்துட்டேன். ராத்திரியில தூரத்துல புர்கான் ஆயில் ஃபீல்டு பக்கம் தெரியற வெளிச்சத்தைப் பாத்தா நெஞ்சு அடைக்கும்.

சித்தூர் அக்கா (பாலக்காடு):

தம்பி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. என் தம்பிக்காக நான் அலைந்ததைச் சொல்கிறேன். அவன் பத்தாவது தேறவில்லை, பாஸ்போர்ட்டில் இசிஆர் முத்திரை உண்டு. அந்தப் பாஸ்போர்ட்டோடு வளைகுடாவுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ், அதாவது அரசாங்க அனுமதி வேண்டும். ஏஜெண்ட் பதிவானவரா என்று மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். நாங்கள் பார்த்தபோது அவர் பெயரே அதில் இல்லை. பதிவான ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும்தான். அந்த ஆள் கேட்டது லட்சத்துக்கு மேல். ரசீது கேட்டேன், அதோடு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

"இப்போதைக்கு விசிட் விசாவில் துபாய் போகட்டும், அங்கிருந்து மாற்றிக்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கிளியரன்ஸைத் தட்டிக்கழிக்கிற வழி அது. பிறகு ஏதாவது ஆனால் தம்பி எந்தக் கணக்கிலும் இருக்க மாட்டான். முறையாகப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். லாரி ஓட்டுகிறவன் வீட்டில் இருப்பவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆரம்பாக்கம் டேங்கர்:

வெளிநாடு போறதுக்கு முன்னாடி இங்கேயே டேங்கர் ஓட்டிப் பழகலாமே தம்பிங்களா. மூணு நாள் பயிற்சி முடிச்சு, அபாயகரமான சரக்கு ஓட்டலாம்னு லைசென்ஸ்ல பதிஞ்சுக்கணும். எண்ணெய் லோடு ஏத்தற சென்னை மணலி, கொச்சி இரும்பனம் ரெண்டு இடத்துலயும் அது இல்லாம லோடு கிடையாது. டேங்கர்ல பாதி லோடு இருக்கும்போது வளைவுல எண்ணெய் ஒரு பக்கமா அலைஞ்சு வண்டியைத் தள்ளும். அதைக் கையால உணர்ந்தவன் எங்க போனாலும் பிழைச்சுக்குவான்.

வேலந்தாவளம் டிரைவர்:

நகரித் தம்பி எழுதினதைப் படிச்சதும் மனசு கேக்கலை. அந்த மூணு பேருல ஒருத்தனுக்குக் குவைத் பேப்பர்தான் வந்திருந்துச்சு. அவனையும் கூட்டிக்கிட்டு, பக்கத்து ஸ்கூல்ல அரபி சொல்லிக் குடுக்கற மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியாப் படிச்சாரு. தொழில்னு போட்ட இடத்துல விரலை வெச்சு, "வீட்டு டிரைவர்னு போட்டிருக்கு. 20ஆம் நம்பர்"ன்னாரு. பையன் ஒரு வார்த்தை பேசலை.

இன்னிக்குக் காலையில கஞ்சிக்கோட்டுக்கு லோடு ஏத்தப் போயிட்டான். ஏஜெண்ட்கிட்ட 10,000 அட்வான்ஸ் குடுத்திருக்கான், பாஸ்போர்ட்டும் அந்த ஆளுகிட்டத்தான் இருக்குது. சாயந்திரம் அவன் வந்ததும் ரெண்டு பேரும் போய்க் கேக்கறோம்.