நேரம் இருக்கிறது, கதைக்குள் போக முடியவில்லை
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பொங்கலுக்குப் பிறகு ஒரு சிறுகதைகூட முடியவில்லை. இரவில் வீடு அடங்கியதும் நேரம் கிடைக்கிறது. ஆனால் இரண்டு வரி எழுதியதும் கேஸ் புக் செய்தோமா, அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று மனம் ஓடுகிறது. மாதாமாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாட்களில் கதாபாத்திரத்தின் பெயரே மறந்துபோகும்.

விடிகாலையில் எழுந்து பார்த்தேன், தூக்கம்தான் கெட்டது. பாக்கி வேலைகளைத் தாளில் எழுதி ஒதுக்கினேன், பட்டியல்தான் நீண்டது. பஸ்ஸில் போனில் பேசிப் பதிவு செய்வது ஓரளவு உதவுகிறது, ஆனால் எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. வேலையை விடச் சொல்லாதீர்கள், முடியாது.

வேலையும் வீடும் பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள், உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்து கதைக்குள் போகிறீர்கள்?