டெக்ஸோமா ஏரியில் ஸ்ட்ரைப்பர் மீன் பிடிக்க என்ன ராடு (தூண்டில் கம்பு), என்ன நரம்பு (தூண்டில் இழை)?

ஏரிக்கரையான்:

வணக்கம். டாலஸுக்கு வடக்கே குடியிருக்கிறேன். நாலு வருடமாகக் கரையில் உட்கார்ந்து கெளுத்தியும் சாண்ட் பாஸும் பிடித்துப் பழகியவன், படகு அனுபவம் கிடையாது. இந்த வசந்தத்தில் நண்பர் ஒருவர் பழைய படகு ஒன்றை வாங்கிவிட்டார், அன்றிலிருந்து சனிக்கிழமை விடிந்தால் டெக்ஸோமாதான், ஸ்ட்ரைப்பர்தான்.

என்னிடம் இருப்பது ஆறரை அடி மீடியம் ஹெவி ராடு, ஃபாஸ்ட் ஆக்‌ஷன், ஸ்பின்னிங் ரீலில் 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு). போன வாரம் 40 அடி ஆழத்தில் உயிரோடு ஷாட் மீனைத் தொங்கவிட்டோம், சர்க்கிள் ஹூக் முள்தான். ஐந்து முறை நன்றாகக் கொத்தியது. ஐந்து முறையும் ராடை ஹோல்டரிலிருந்து பிடுங்கி ஒரு சுண்டு சுண்டினேன். நாலு கழன்றுவிட்டது, ஐந்தாவது லீடரை (முள்ளுக்கு மேலே கட்டுகிற துண்டு நரம்பை) அறுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற வழிகாட்டிப் படகில் ராடெல்லாம் நாணல் மாதிரி வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது, ஆனாலும் யாரும் அவசரப்படவில்லை, நிதானமாகச் சுற்றினார்கள், மீன் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு வீடு திரும்பும்போது மனசே சரியில்லை.

ஒரு கடையில் கேட்டால் பிரெய்டு ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் 12 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு) தவிர எதுவும் வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறார்கள். இரண்டு ராடு, இரண்டு ரீல், நரம்பு எல்லாம் சேர்த்து 300 டாலருக்குள் வாங்க நினைக்கிறேன். ராடு எத்தனை அடி, எந்த பவர், எந்த ஆக்‌ஷன், நரம்பு எத்தனை பவுண்டு, கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பழைய படகோட்டி:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததுமே என் முதல் வருடம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த நாலு மீனும் கழன்றதற்குக் காரணம் மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்ததுதான், ராடு விறைப்பு, நரம்பு நீளவே நீளாது, அதற்கு மேல் நீங்கள் சுண்டியது. இதில் ஒன்று மட்டும் இருந்திருந்தால்கூட இரண்டு மீனாவது படகுக்குள் வந்திருக்கும்.

முதலில் முள். சர்க்கிள் ஹூக்கின் முனை உள்பக்கமாக வளைந்திருக்கும். மீன் இரையை வாயில் வாங்கிக்கொண்டு திரும்பி ஓடும்போது அது வாய்க்குள் வழுக்கி வந்து தாடையின் ஓரத்தில்தான் பாயும். அதற்கு மெல்ல மெல்லக் கூடுகிற இழுப்பு வேண்டும். வெடுக்கென்று சுண்டினால் எதிலும் பாயாமல் நேராக வெளியே வந்துவிடும். அதனால் ராடைத் தொடாதீர்கள். நுனி தண்ணீரை நோக்கி இறங்கி அப்படியே நிற்கிற வரை பொறுத்திருந்து, ராடு ஹோல்டரில் இருக்கும்போதே ரீலைச் சுற்ற ஆரம்பியுங்கள், மீன் பாரம் தெரிந்த பிறகு கையில் எடுங்கள்.

இப்போது ராடு. பவர், ஆக்‌ஷன் இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர். எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது ஆக்‌ஷன். ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், மாடரேட் என்றால் பாதியிலிருந்தே வளையும். உயிர் இரையைச் செங்குத்தாகத் தொங்கவிடுவதற்கு ஏழு அடி அல்லது ஏழரை அடி, மீடியம் லைட் அல்லது மீடியம், ஆக்‌ஷன் கட்டாயம் மாடரேட். முழு கிராஃபைட் வேண்டாம், ஃபைபர்கிளாஸ் அல்லது இரண்டும் கலந்தது வாங்குங்கள். அக்லி ஸ்டிக் மாதிரி கலப்பு ராடுகள் விலையும் குறைவு, படகில் தட்டுமுட்டு பட்டாலும் சட்டென்று உடையாது. மெத்தென்ற நுனியினால் இன்னொரு நன்மையும் உண்டு, அலையில் படகு ஏறி இறங்கும்போது அந்த ஆட்டத்தை ராடே வாங்கிக்கொள்ளும், இரை கீழே அமைதியாக நீந்தும். விறைப்பான ராடில் இரை மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருந்து சீக்கிரம் செத்துப்போகும், செத்த ஷாட்டை ஸ்ட்ரைப்பர் அவ்வளவாகச் சீண்டாது.

இந்த வேலைக்கு ஸ்பின்னிங் ரீல் வேண்டாம், வட்ட ரீல் வாங்குங்கள். அபு கார்சியா 6500 வகை ரீலில் கிளிக்கர் இருக்கும், மீன் இழுத்தால் சத்தம் கொடுக்கும். நரம்பு எத்தனை அடி இறங்கியது என்று காட்டுகிற லைன் கவுண்டர் உள்ள ரீல் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஸ்ட்ரைப்பர் மேல்நோக்கிப் பார்த்து இரை எடுக்கிற மீன். சோனாரில் (தண்ணீருக்குள் மீனைக் காட்டும் கருவியில்) கூட்டம் 40 அடியில் தெரிந்தால் உங்கள் இரை 36, 37 அடியில் இருக்கவேண்டும், 45 அடிக்குப் போய்விட்டால் அது மீனின் கண்ணிலேயே படாது. கவுண்டர் இல்லையா, கவலை வேண்டாம். ரீலின் மேல் நரம்பை நடத்துகிற லெவல்விண்ட் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போவதற்குள் எத்தனை அடி இறங்குகிறது என்று வீட்டு முற்றத்தில் அளவுநாடா வைத்து ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், அப்புறம் ஏரியில் அதை எண்ணினால் போதும்.

நரம்பு, 15 அல்லது 20 பவுண்டு மோனோ. டெக்ஸோமாவில் சாதாரணமாக மாட்டுகிற அளவுக்கு இது தாராளம், பெரியது ஒன்று வந்தாலும் தாங்கும். நைலான் நீளும் என்பதுதான் இங்கே உங்களுக்கு வேண்டிய குணம், படகுக்குப் பக்கத்தில் வந்து மீன் திடீரென்று தலையை உதறும்போது அந்த நீட்சிதான் முள்ளைக் காப்பாற்றும். மெயின் நரம்பில் ஒன்றரை அல்லது இரண்டு அவுன்ஸ் முட்டை ஈயம், ஒரு பாசிமணி, ஒரு சுவிவல் (சுழலும் இணைப்பு), அதற்குக் கீழே மூன்று நாலு அடி 15 பவுண்டு புளோரோகார்பன் லீடர், 2/0 சர்க்கிள் ஹூக். பெரிய கிசார்ட் ஷாட் போடும் நாளில் முள்ளையும் அதற்கேற்ப 5/0, 6/0 என்று பெரிதாக்கவேண்டும், இல்லையென்றால் இரையின் உடம்பே முள் முனையை மறைத்துவிடும்.

வடக்குக்காற்று:

அண்ணன் சொன்னது உயிர் இரைக்கு அப்படியே சரி. ஆனால் ஏரிக்கரையான், உங்கள் பழைய ராடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ராடு நல்ல ராடுதான், இறக்கின இடம்தான் தப்பு. அது வீசுவதற்கான ராடு.

கோடைக் காலையில் ஷாட் கூட்டத்தை ஸ்ட்ரைப்பர் நீர்மட்டத்துக்குத் துரத்திக்கொண்டு வந்து கொதிக்கிற உலை மாதிரி ஆக்குமே, குளிர்காலத்தில் கடற்புறாக்கள் வட்டமடித்து விழுந்து எழுந்து இடத்தைக் காட்டிக்கொடுக்குமே, அப்போது படகைக் கூட்டத்துக்குள் ஓட்டினால் மீனெல்லாம் முங்கிவிடும். தள்ளி நின்று 50 கஜம் வீசவேண்டும். அதற்கு 30 பவுண்டு பிரெய்டுக்கு இணையே இல்லை. அதன் தடிமன் ஏறக்குறைய 8 பவுண்டு மோனோ அளவுதான், காற்றை எதிர்த்துக்கூடத் தூரம் போகும். அவ்வளவு தூரத்தில் பாப்பரை (நீர்மட்டத்தில் இழுக்கிற செயற்கை இரையை) மீன் அடித்தால் நீளாத நரம்பு இருந்தால்தான் நீங்கள் இழுக்கிற இழுப்பு முள்வரை போய்ச் சேரும், மோனோவில் பாதி இழுப்பு நீட்சியிலேயே கரைந்துவிடும். பிரெய்டு தண்ணீரில் மிதக்கும் என்பதால் மேல்மட்ட இரைக்கு இன்னும் வசதி.

ஆனால் பிரெய்டை நேராக இரையில் கட்டாதீர்கள். மூன்றடி 20 பவுண்டு லீடர் வையுங்கள், டபுள் யூனி முடிச்சு போதும், ஈரமாக்கிய பிறகு இறுக்குங்கள். மேல்மட்ட இரைக்கு மட்டும் லீடர் மோனோவாக இருக்கட்டும், புளோரோ மூழ்கும், இரையின் மூக்கைக் கீழே இழுக்கும். ஸ்ட்ரைப்பருக்கு நரம்பைக் கடித்து வெட்டுகிற பல் கிடையாது, ஆனால் செவுள் மூடியின் விளிம்பு கத்தி மாதிரி, மீன் உருளும்போது அதில் பட்டால் மெல்லிய பிரெய்டு நிற்காது. உங்கள் ஐந்தாவது மீன் அறுத்ததும் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

பிரெய்டு போடும்போது ஸ்பூலில் முதலில் பத்துப் பதினைந்து சுற்று மோனோ சுற்றிவிட்டு அதன் மேல் சுற்றுங்கள், இல்லையென்றால் பெரிய மீன் இழுக்கும்போது மொத்த நரம்பும் ஸ்பூலிலேயே வழுக்கும்.

லேனியர் கரை:

நான் ஜார்ஜியாவில் லேனியர் ஏரிக்காரன். மோனோதான் என்று முடிவுகட்டுவதில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து உண்டு. எங்கள் தண்ணீர் தெளிவு, இரை ப்ளூபேக் ஹெர்ரிங், கோடையில் மீன் நல்ல ஆழத்துக்கு இறங்கிவிடும். 80, 90 அடிக்கு இறக்கும்போது மோனோ அவ்வளவு நீளத்துக்கும் நீண்டு, கொத்துகிறது நுனிக்கே தெரியாமல் போகும். அதனால் ரீல் நிறைய 40 பவுண்டு பிரெய்டு, கடைசி 30 அடி மட்டும் 20 பவுண்டு மோனோ, அதன் கீழே வழக்கம்போல ஈயமும் லீடரும். கொத்துவது நன்றாகத் தெரியும், தலையுதறலுக்கு அந்த 30 அடி மோனோவும் மெத்தென்ற ராடும் ஈடுகொடுக்கும். டெக்ஸோமாவில் 40 அடிக்குள்தான் என்றால் அண்ணன் சொன்ன முழு மோனோவே எளிது, முடிச்சு ஒன்று குறையும், முடிச்சு குறைந்தால் அறுகிற இடமும் ஒன்று குறைகிறது.

ட்ரோலிங் (படகை ஓட்டிக்கொண்டே பின்னால் இரையை இழுத்துப் போவது) ஆசை வந்தால் லெட் கோர் நரம்பைப் பற்றியும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈயக்கம்பி, வெளியே பின்னல், ஒவ்வொரு பத்து கஜத்துக்கும் நிறம் மாறும். இன்றைக்கு ஏழாவது நிறத்தில் மீன் கொத்தியது என்றால் திரும்பவும் ஏழு நிறம், அதே வேகம், அதே ஆழம். ஆனால் அதற்குத் தனி ரீல், பெரிய ஸ்பூல் எல்லாம் வேண்டும், முதல் வருடத்திலேயே அதில் பணம் போடவேண்டாம்.

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். மெல்லிய நரம்பில் நீண்ட நேரம் விளையாடிப் பிடிப்பது சிலருக்குப் பெருமை. ஸ்ட்ரைப்பருக்கு அது ஆகாது. இது குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் கேட்கிற மீன், கோடையில் மேல்தண்ணீர் சூடு, அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை, நடுவில் கிடைக்கிற கொஞ்ச இடத்தில் நெருக்கியடித்து உயிர்வாழ்கிறது. அங்கிருந்து மேலே இழுத்து, களைத்துப்போகிற வரை ஓடவிட்டு, பிறகு விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பெரும்பாலும் பிழைக்காது. உங்கள் ஏரியிலாவது ரெட், வாஷிடா ஆறுகளில் முட்டையிட்டுத் தானாகப் பெருகுகிறது. எங்களுக்கு மாநிலத்து மீன்வளத் துறை குஞ்சு விட்டால்தான் மீன். அதனால் நரம்பைத் தேவைக்குக் குறைவாக எடுக்காதீர்கள், மீனைச் சீக்கிரம் படகுக்குக் கொண்டுவாருங்கள்.

ஏரிக்கரையான்:

மூவருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. பழைய ராடு வீசுவதற்கு, பிரெய்டு அப்படியே இருக்கட்டும். புதிதாக இரண்டு ஏழரை அடி மாடரேட் ராடும் கிளிக்கர் உள்ள ரீலும் பார்த்துவிட்டேன், 17 பவுண்டு மோனோ சுற்றப்போகிறேன். இரண்டு சந்தேகம் மிச்சம். டிராக் (மீன் இழுத்தால் நரம்பை நழுவவிடுகிற ரீலின் பிரேக்) எவ்வளவு இறுக்கவேண்டும்? அப்புறம் போன வாரம் லீடர் அறுந்த இடத்துக்கு மேலே ஒரு அடி நரம்பு சொரசொரப்பாக இருந்தது, அது செவுள் பட்டதாகத் தெரியவில்லை, ஏன் அப்படி?

பழைய படகோட்டி:

டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், எல்லோரும் அதிகமாகவே இறுக்குவார்கள். ஒரு சின்ன ஸ்பிரிங் தராசை நரம்பில் மாட்டி, ராடு வளைந்த நிலையில் இழுங்கள். நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் நழுவவேண்டும். உங்கள் 17 பவுண்டு மோனோவுக்கு நாலரை, ஐந்து பவுண்டில் வையுங்கள். பிரெய்டுக்கு 30 பவுண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், லீடர் 20 என்றால் 20ஐத்தான் பார்க்கவேண்டும், அறுவது எப்போதும் பலம் குறைந்த இடத்தில்தான்.

அந்தச் சொரசொரப்பு வரிக்குதிரைச் சிப்பி வேலை. 2009இல் டெக்ஸோமாவில் அது இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், இப்போது பாறை, மரக்கட்டை, படகுத்துறைத் தூண் என்று எதைத் தொட்டாலும் ஒட்டியிருக்கிறது, ஓடு பிளேடு மாதிரி. ஈயம் அடியைத் தொட்டுவிட்டால் மேலே எடுத்து லீடரையும் கடைசி ஆறடி நரம்பையும் விரல் நகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பொட்டு சொரசொரப்பு தெரிந்தாலும் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், நான் ஒரு காலையில் நாலைந்து முறை கட்டுவேன். கிளம்பும்போது படகில் தண்ணீர் சொட்டு இல்லாமல் வடித்து, காயவைத்து எடுத்துப் போங்கள், அந்தச் சிப்பியை நாம் வேறு ஏரிக்குச் சுமந்துபோய்விடக் கூடாது.

மோனோவை வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து பலம் இழந்துவிடும், ரீலில் இருந்து உருவினால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நின்றால் அதன் காலம் முடிந்தது என்று அர்த்தம். முழுவதையும் மாற்றவேண்டியதில்லை, மேலே உள்ள 100 கஜம் போதும்.

உரிமம் வாங்கும்போது டெக்ஸோமாவுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, கேட்டு வாங்குங்கள், ஏரியின் டெக்சாஸ் பக்கம், ஓக்லஹோமா பக்கம் இரண்டிலும் செல்லும். மீன் எங்கே ஓடுகிறதோ அங்கே போகலாம். ஒரு நாளைக்கு ஒருவருக்குப் பத்து மீன், அதில் 20 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளது இரண்டுதான். பத்து ஆகிவிட்டால் கோடையில் ராடை மடக்கிவிடுங்கள், லேனியர் நண்பர் சொன்ன காரணத்துக்காகத்தான்.

ஏரிக்கரையான்:

சரி அண்ணா, தராசு வீட்டிலேயே இருக்கிறது. இன்று மாலை முற்றத்தில் நரம்பை இறக்கி லெவல்விண்ட் கணக்கும் பார்த்துவிடுகிறேன். சனிக்கிழமை விடியற்காலை இறங்குகிறோம், இந்த முறை ராடைத் தொடமாட்டேன்.